விக்கிறதா இருந்தா எனக்குச் சொல்லணும்

கண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவனை யாரும் நலம் விசாரிப்பதில்லை. பெற்றோல் செட்டில் நின்றாலும் சந்தியில் வெளிச்சம் மாறக் காத்திருந்தாலும், பக்கத்தில் நிற்பவர் முதலில் பைக்கைப் பார்ப்பார், பிறகு ஆளைப் பார்ப்பார், பிறகு கேட்பார்: எங்கே எடுத்தது? சிங்களவர், முஸ்லிம், தமிழர் எல்லோருக்கும் இந்தக் கேள்வி ஒன்றுதான். பதில் சொன்னால் அவரும் தன்னுடையதைச் சொல்லத் தொடங்கிவிடுவார். மாமா வெளிநாடு போகும்போது விட்டுப்போனது. அரசாங்கக் கந்தோர் ஏலத்தில் எடுத்தது. கோழிக்கூட்டுக்குள் துருப்பிடித்துக் கிடந்ததைக் கழுவி எடுத்தது. என் மகன் இந்தக் கதைகளை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் சொல்லுவான். நான் கேட்டுக்கொண்டே ஒன்றை மட்டும் கவனிப்பேன். ஒவ்வொரு கதையிலும் யாரோ ஒருவர் ஓட்டுவதை நிறுத்தியிருப்பார். அவர் ஏன் நிறுத்தினார் என்று கேட்பேன்.

"அப்பாவுக்கு எப்பவும் அந்தக் கேள்விதான்" என்று அவன் சிரிப்பான்.

தன்னுடையதைப் பற்றி அவன் சொன்ன கதை மிகச் சிறியது. பேராதனையில் ஓர் உத்தியோகத்தர், வயதானவர், பௌர்ணமிப் போயா நாளில் பன்சலைக்குப் போய்க் கும்பிட்டுவர மட்டும் பாவித்தாராம். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவ்வளவு மெதுவாக ஓடிய ஒரு பைக் இனியும் மெதுவாகத்தான் ஓடும் என்று நம்ப விரும்பினேன்.

ஆனாலும் பயந்தேன். எங்கள் வீடு ஹந்தானைக்கு ஏறும் வீதியில், இரண்டாவது வளைவுக்குச் சற்று மேலே இருக்கிறது. அந்த வளைவில் அவன் கியரைக் குறைக்கும் சத்தம் கேட்கும்வரை நானும் மனைவியும் தொலைக்காட்சியைப் பார்த்தபடி எதையும் பார்க்காமல் இருப்போம். நான் வேலை செய்யும் மாவட்ட அலுவலகமான கச்சேரியில், வேலைக்கு நடுவே எழுந்துபோய் அவனுக்குப் போன் எடுப்பேன். எங்கே நிற்கிறாய் என்று கேட்பேன். "கண்டியிலதான் அப்பா" என்பான். சில நேரம் பின்னால் ஒரு சேவல் கூவும். கண்டி நகரத்தில் சேவலா என்று நினைப்பேன், கேட்கமாட்டேன்.

போன மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. இருபத்துநான்கு வயது. நான் லொறிகளுக்குப் பயந்தவன், ஈர வீதிக்கும் இரவு பஸ்களுக்கும் பயந்தவன். ஒரு நுளம்புக்குப் பயப்பட எனக்குத் தோன்றவேயில்லை. அவனை ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த நாளில் பைக் விறாந்தையில் ஒரு கீறலும் இல்லாமல் நின்றது.

அதற்குப் பிறகு காலையில் கதவைத் திறப்பது மனைவிக்குப் பெரிய பாடாகிவிட்டது. திறந்ததும் பைக் கண்ணில் படும். பைக் நின்றால் பிள்ளை உள்ளே இருக்கிறான் என்பது அவளுக்குப் பழகிப்போன கணக்கு. ஒரு கணம் முகம் தெளியும். பிறகு ஞாபகம் வரும். ஒவ்வொரு நாளும் அவள் அதைப் புதிதாகத் தெரிந்துகொள்வதை நான் பின்னால் நின்று பார்த்தேன். தறப்பாள் ஒன்றை எடுத்துப் பைக்கை மூடிவிட்டேன். மறுநாள் அவள் சொன்னாள், மூடியபிறகு ஆள் ஒருவரைப் போர்த்திவிட்ட மாதிரி இருக்கிறதென்று.

"அதை எங்கயாவது குடுத்திடுங்கோ. ஆருக்கு, என்னத்துக்கு எண்டு நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

கொடுப்பதற்கு முன் சரிபார்க்கலாம் என்று கட்டுகஸ்தோட்டையில் அவன் வழக்கமாகப் போகும் கராஜுக்குப் போய்ச் சொன்னேன். கராஜ்காரர் முஸ்லிம். மரணவீட்டுக்கு வந்து கடைசிவரை நின்றவர். விற்கப்போகிறேன் என்றதும் கையைத் துணியில் துடைத்தபடி என்னைப் பார்த்தார்.

"சேர், அத விக்க முன்னுக்கு தெல்தோட்ட ஐயாக்கு செல்லோணுமே. மகன் வாக்குக் குடுத்தீக்கிறார்."

எந்தத் தெல்தோட்டை, எந்த ஐயா என்று கேட்டேன். எனக்குத் தெரியாது என்பதை அவர் அப்போதுதான் புரிந்துகொண்டார். பைக் பேராதனையில் வாங்கியதல்ல. தெல்தோட்டையில் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்ற ஒருவரிடம் வாங்கியது. அவ்வளவு தூரம், அவ்வளவு வளைவு என்று தெரிந்தால் அப்பா விடமாட்டார் என்று மகன் சொன்னானாம். வீட்டுக்கு எப்படிப் போவது என்று கராஜ்காரர் சொல்லித் தந்தார். அங்கே தொலைபேசி பிடிப்பது குறைவு, நேரில் போவதுதான் நல்லது என்றார்.

அவன் கொடுத்த வாக்கை அவன் காப்பாற்ற முடியாது. நான்தான் போகவேண்டும். அந்த மனிதருக்கு இரண்டு செய்தி சொல்லவேண்டும்: பைக் விற்கப்படுகிறது, வாங்கியவன் இல்லை. இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைச் சொல்ல வழி இருக்கிறதா என்று பல நாள் யோசித்தேன். இல்லை.

இளவயதில் கந்தோர் வேலைக்காக ஓட்டியிருக்கிறேன், லைசென்ஸ் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, மனைவி கோயிலுக்குப் போனபிறகு தறப்பாளை எடுத்தேன். அவனுடைய தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டேன். பேராதனை தாண்டி கலஹா வீதியில் ஏறும்போது ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே கியரைக் குறைத்தேன். தேயிலை தொடங்கும் இடத்தில் ஒரு கடையில் நிறுத்தித் தேத்தண்ணி கேட்டேன். கடைக்காரர் சிங்களவர். பைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கொஹெந்த கத்தே?"

எங்கே எடுத்தது. இந்தக் கேள்வியை நான் மறந்துபோயிருந்தேன். மகனுடையது, மகன் தந்தது என்று சிங்களத்தில் சொன்னேன். வழக்கமாக அப்பாதான் மகனுக்குக் கொடுப்பார், இது நல்ல பிள்ளை என்று அவர் சொன்னார். தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தெல்தோட்டை பசாருக்கு மேலே, கொங்கிறீட் பாதை முடியுமிடத்தில் அந்த வீடு. நான் பைக்கை நிறுத்துமுன்பே ஓர் அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டார். சத்தம் அவருக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டது.

"வந்துட்டியா தம்பி? எத்தன மாசம் ஆச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்றவர், உள்ளே திரும்பிக் கூப்பிட்டார். "இந்தாங்க, தம்பி வந்துருச்சு."

நான் தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கழற்றும்வரை அவர்களுக்கு நான் அவன்தான். அவனை இன்னும் உயிரோடு வைத்திருந்த ஒரு வீடு உலகத்தில் மிச்சமிருந்தது. நான் அதன் வாசலில் நின்றேன். ஒரு சேவல் கூவியது. என் வயிற்றையும் நான் இறங்கிய விதத்தையும் பார்த்து அந்த அம்மாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. பிறகு கழற்றினேன்.

இடுப்பைப் பிடித்தபடி பெரியவர் வெளியே வந்தார். நான் அவனுடைய அப்பா என்று சொன்னேன். தம்பி வரவில்லையா என்று அவர் எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தார்.

"மகன் காலமாகிவிட்டார்" என்றேன். அது நாங்கள் கச்சேரியில் எழுதுகிற தமிழ். வேறு தமிழில் சொல்ல அந்த நேரம் எனக்கு வாய் வரவில்லை.

அவர்கள் உடனே நம்பியது பைக் விபத்து என்று. பெரியவர் பைக்கின் முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். காய்ச்சல் என்று சொன்னபிறகுதான் கையை எடுத்தார். கதிரை போட்டார்கள். அந்த அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு கேட்டார்.

"போன் அடிக்கிற அப்பா நீங்கதானா சார்?"

எனக்கு விளங்கவில்லை.

"இங்க இருக்கிறப்ப அடிப்பீங்க. அந்த மேட்டு மேல ஏறி நின்னாத்தான் பேச்சு தெளிவாக் கேக்கும், தம்பி ஓடும். பேச வேணாம்னு எங்களுக்குக் கையக் காட்டும். நாங்க மூச்சு விடாம நிப்போம். இந்தச் சேவலத்தான் ஒண்ணும் செய்ய முடியாது. ஒருநாள் குழம்புக்கு ஆகட்டும்னு தம்பி அதத் தொரத்துச்சு."

நான் சிரித்துவிட்டேன். சிரித்ததும் அழுதுவிட்டேன்.

அவன் மாதம் ஒரு தடவையாவது வந்திருக்கிறான். பெரியவரைப் பின்னால் ஏற்றி ஃபாக்டரி வளைவுவரை கொண்டுபோய்க் கொண்டுவருவானாம். இடுப்பு நோவு வந்து பைக்கை விற்றவரை அதே பைக்கில் ஏற்றிப்போக இந்த அம்மா முதலில் ஏசியிருக்கிறார். பிறகு அவன் வரும் ஞாயிறுகளில் அதிகமாக ரொட்டி சுட்டிருக்கிறார். நிமிடத்துக்கு நிமிடம் அவன் எங்கே என்று அறிந்துவைத்திருந்ததாக நினைத்த எனக்கு, இந்த ஞாயிறுகள் எதுவும் தெரியாது.

பைக் எப்படி வந்தது என்று நானே பெரியவரிடம் கேட்டேன். இப்போது எனக்கும் அந்தக் கேள்விதான் வந்தது. தோட்டத்தின் சின்னத்தொரை, அதாவது உதவி மானேஜர், வைத்திருந்ததாம். நிர்வாகம் மாறியபோது அவர் வேலையை விட்டுவிட்டு ஆஸ்திரேலியாவுக்குப் போனார். போகிற அன்று கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சாவியைக் கையில் கொடுத்தார்.

"'விக்கிறதா இருந்தா எனக்குச் சொல்லணும்'னார். வாக்கு வாங்கிட்டாரு, வெலாசம் குடுக்கல, அந்த மனுசன். நான் எங்க போய்ச் சொல்றது? யாருக்கும் சொல்லாமத்தான் வித்தேன். அது மனசுக்குள்ள கெடந்துச்சு. அதனால தம்பிகிட்ட நான் வாக்கும் வாங்கினேன், வெலாசமும் குடுத்தேன்." அவர் நிறுத்தினார். "வெலாசம் குடுத்ததாலதான் தம்பி வந்துக்கிட்டே இருந்துச்சு."

பைக்கை இங்கேயே விட்டுவிட்டுப் பஸ்ஸில் போகிறேன், வீட்டில் வைத்திருக்க முடியவில்லை என்றேன். காசு எதுவும் வேண்டாம் என்றேன். பெரியவரின் முகத்தில் ஆசை வந்ததைப் பார்த்தேன். கையை நீட்டிச் சாவியைத் தொடவும் தொட்டார். ஆனால் அந்த அம்மா எழுந்துவிட்டார்.

"வேணாம் சார். எடுத்துக்கிட்டுப் போயிருங்க. இங்க நின்னுச்சுன்னா நான் தம்பி வந்துருச்சுன்னு வாசலுக்கு வந்து வந்து பாப்பேன்."

என் மனைவிக்கும் காலையில் கதவைத் திறந்தால் அதுதான். சாவியை எடுத்துக்கொண்டேன்.

பெரியவர் வாசல்வரை வந்தார். "சொல்லிட்டீங்க. அது போதும். இனி யாருக்கு வேணும்னாலும் குடுங்க" என்றார். ரொட்டியையும் மிளகாய் இடித்த கட்டைச் சம்பலையும் அந்த அம்மா ஒரு பொலித்தீனில் கட்டி பைக்கின் கைப்பிடியில் மாட்டினார். அவனுக்கும் அப்படித்தான் மாட்டுவாராம். அவன் அதை எங்கே வைத்துச் சாப்பிட்டான் என்று எனக்குத் தெரியாது, வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

கொங்கிறீட் பாதையில் மெதுவாக இறங்கும்போது போன் அடித்தது. அவன் ஓடி ஏறும் மேடு பக்கத்தில்தான் இருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க ஏறி நின்றேன். மனைவி கோயிலிலிருந்து வந்துவிட்டாள். விறாந்தை வெறுமையாக இருப்பதைக் கண்டிருக்கிறாள்.

"எங்கயப்பா நிக்கிறியள்?"

கண்டியிலதான் என்று நாக்கு நுனிவரை வந்தது. அந்தப் பொய்யை ஏன் அவ்வளவு சுலபமாகச் சொன்னான் என்று அப்போது விளங்கியது. கேட்பவள் பயந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

தெல்தோட்டையில் நிற்கிறேன் என்றேன். பைக்கை இங்கேதான் வாங்கியிருக்கிறான், பிறகும் வந்துபோயிருக்கிறான், ஓர் அம்மா சாப்பாடு கொடுத்திருக்கிறார் என்றேன். மழை பிடிக்கப்போகிறதா என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"என்ன சாப்பிட்டவனாம்?"

"ரொட்டியும் கட்டைச் சம்பலும்."

"இஞ்ச நான் செய்தா உறைப்பெண்டு தொடமாட்டான்" என்றாள். குரலில் கோபம்போல ஒன்று இருந்தது. அவன் போனபிறகு அவள் அவன்மேல் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. "அந்த மனுசி எப்பிடிச் செய்து குடுத்தவ எண்டு கேட்டனீங்களே?"

கேட்கவில்லை என்றேன். ஒரு பார்சல் கட்டித் தந்திருக்கிறார், கொண்டுவருகிறேன் என்றேன்.

பைக்கை யாருக்குக் கொடுத்துவிட்டு வருகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. எதில் வருகிறீர்கள் என்றும் கேட்கவில்லை. நான் கீழே இறங்கிவந்து, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தேன். இரண்டாவது உதையில் பிடித்தது. இணைப்பைத் துண்டிக்க மறந்துவிட்டேன் என்பது பசாரைக் கடந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது. எடுத்துப் பார்த்தேன். அவள் இன்னும் வைக்கவில்லை.