லேபிள் மேல் வைத்த பொட்டு

போன வாரம் எனக்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வந்தது. அரைக் கிலோ மைசூர்பாகு. இன்னும் பிரிக்கவில்லை.

வயது ஐம்பத்திரண்டு, உடம்பில் சர்க்கரை இருக்கிறது, அதனால்தான் தொடவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். சர்க்கரை என்னை எப்போதும் தடுத்ததில்லை. போன தீபாவளிக்கு எத்தனை அதிரசம் தின்றேன் என்று இதே வாரப் பத்தியில் உளறி, வீட்டில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். இது வேறு விஷயம். இந்த வாரம் சிரிக்க எதுவும் இல்லை... முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புது வாசகர்களுக்காக ஒரு வரி. நான் மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஸ்கேன் எடுப்பது வேறு ஆட்கள். எடுத்த படங்களைப் பத்திரமாக வைத்திருப்பதுதான் என் வேலை. பத்திரமாக! இருபத்து மூன்று வருடமாக இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

ஸ்வீட் கொண்டுவந்தவரின் பெயரை மாற்றி, செல்லப்பாண்டி என்று வைத்துக்கொள்கிறேன். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு ஊர். பருத்தி, மக்காச்சோளம் போடுகிறவர். நான்கு மாதத்துக்கு முன்னால் அவரை முதலில் பார்த்தபோது கையில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை இருந்தது. பை நிறைய மருத்துவ ரிப்போர்ட். பக்கத்தில் மனைவி பாண்டியம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். கணவரைப் பேசவிட்டு, சுவரில் ஓடுகிற டோக்கன் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். பாண்டியம்மாவுக்கு விடாத இருமல். பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்ததில், நுரையீரலில் சுண்டைக்காய் அளவில் ஒரு புள்ளி. ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்க்க முடியாத இடம். டாக்டர் கேட்டிருக்கிறார், இதற்கு முன்னால் எப்போதாவது நெஞ்சில் ஸ்கேன் எடுத்திருக்கிறீர்களா என்று. எடுத்திருந்தார்கள். ஏழு வருடத்துக்கு முன்னால், தீவனக் கட்டோடு மொபெட்டில் போய் விழுந்து விலா எலும்பில் அடிபட்டபோது. எங்கள் சென்டரில்தான்.

அந்தப் பழைய படத்தைக் கொண்டுவாருங்கள் என்றாராம் டாக்டர். அப்போதே இந்தப் புள்ளி இதே அளவில் இருந்திருந்தால் இதைத் தொடவே வேண்டாம், நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். படம் இல்லை என்றால், பொறுத்திருந்து பார்ப்பது ஆபத்து. நெஞ்சைத் திறந்து அந்த இடத்தை வெட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு படம். அவ்வளவுதான். அது இருந்தால் கத்தி இல்லை.

அவர்களிடம் கொடுத்த ஃபிலிம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். செல்லப்பாண்டி கொஞ்சம் கூச்சப்பட்டார். சூரிய கிரகணத்தன்று தெருவே கண்ணுக்கு வைத்துப் பார்க்க, ஆளுக்கொரு துண்டாக வெட்டிக் கொடுத்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது பாண்டியம்மாகூடச் சிரித்தார். நானும் சிரித்தேன். இதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள், எங்களிடம் எல்லாமே இருக்கும், நாளைக்கே எடுத்துத் தருகிறேன் என்றேன்.

என்ன ஒரு மிதப்பு பாருங்கள்.

பழைய படங்களை நாங்கள் டேப்பில் ஏற்றி வைப்போம். அந்தக் காலத்து ஆடியோ கேசட்டைவிடக் கொஞ்சம் குண்டான கறுப்புப் பெட்டி. ஒன்றில் ஆயிரக்கணக்கான படங்கள் அடங்கும். எந்தப் படம் எந்த டேப்பில் இருக்கிறது என்பது மேலே பார்த்தால் தெரியாது. அதற்கு சர்வரில் ஒரு பட்டியல் உண்டு. கேட்டலாக் என்போம். கோயில் வாசலில் செருப்பை விட்டு டோக்கன் வாங்குகிறோம் இல்லையா? அந்த மாதிரி. செருப்பு உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் டோக்கன் தொலைந்தால் நாம் வெறுங்காலோடு நிற்க வேண்டியதுதான்.

போன வருடம் பழைய சர்வர் மூச்சு வாங்க ஆரம்பித்தது. புது சர்வர் வந்தது. டேப்புகள் அப்படியே இருக்கும், கேட்டலாக்கை மட்டும் பழையதிலிருந்து புதியதற்கு மாற்ற வேண்டும். கேட்க எளிது. பட்டியலை ஏற்றியதும் புது சர்வர் ஒவ்வொரு டேப்பையும் காட்டச் சொல்லும். டேப்பின் லேபிளில் இருக்கிற பார்கோடை நாம் காட்ட வேண்டும். பார்கோடும் பட்டியலும் பொருந்தினால் சேர்த்துக்கொள்ளும். இல்லையென்றால் இதை எனக்குத் தெரியாது என்று ஒதுக்கி, தன் பட்டியலிலிருந்தும் நீக்கிவிடும்.

இங்கேதான் ஆயுத பூஜை வருகிறது.

எங்கள் சென்டரில் ஆயுத பூஜை என்றால் அமர்க்களம். ஸ்கேன் மெஷினிலிருந்து ஸ்டேப்லர் வரைக்கும் சந்தனம், குங்குமம். சர்வர் அறை மட்டும் என் பொறுப்பு, வேறு யாரையும் விட மாட்டேன். டேப்புகளை வரிசையாக அடுக்கி, குளித்துவிட்டு வந்து, ஒவ்வொன்றுக்கும் நானே பொட்டு வைப்பேன். டேப் முழுக்கக் கறுப்பு. பொட்டு எடுப்பாகத் தெரிகிற வெள்ளை இடம் லேபிள் ஒன்றுதான். அதனால் அதன் மேல். வருடா வருடம், பக்தியோடு, சரியாகப் பார்கோடு மேல்.

கேட்டலாக் மாற்றிய நாள் ஒரு புதன்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம். அதற்குள் தேங்காய் உடைத்துப் புது சர்வரைத் தொடங்கிவிட வேண்டும் என்று மேனேஜர் தாம்பாளத்தோடு கதவருகில் நின்றுகொண்டிருந்தார். பதினொன்று நாற்பதுக்கு வேலை முடிந்தது. திரையில் ஒரு எச்சரிக்கை: பதினோரு டேப்புகளை அடையாளம் தெரியவில்லை. தொடரலாமா?

மற்றவற்றில் லேசாகப் பட்டிருந்த சந்தனம் இந்தப் பதினொன்றில் பார்கோடை முழுசாக மறைத்திருந்தது; துடைத்துவிட்டு அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஓகே-யை அழுத்தினேன். தேங்காய் சரிபாதியாக உடைந்தது. மேனேஜர் எனக்கு மாலை போடாததுதான் குறை.

நம்மிடம் ஒரு குணம் உண்டு. தொடங்குவதற்கு நாள், நட்சத்திரம், நேரம் எல்லாம் பார்ப்போம். முடித்தோமா என்று பார்க்க நமக்கு நேரமே இருக்காது. எத்தனை வீடுகளில் கிரகப்பிரவேசம் முடிந்து மூன்று வருடம் கழித்தும் மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லாமல் இருக்கிறது! அந்த ஜாதிதான் நானும்.

அந்தப் பதினோரு டேப்பையும் மறுநாளே ஈரத் துணியால் நன்றாகத் துடைத்தேன். பளிச்சென்று ஆனது. ஒரு ட்ரேயில் வைத்தேன். அதற்குள் அவனியாபுரம் கிளையில் ஏதோ கோளாறு, கிளம்பிப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ட்ரே ஞாபகத்தில் இல்லை. விதிமுறைப்படி பழைய சர்வரில் இருந்த எல்லாவற்றையும் அழித்து, அதைக் கழித்துக் கட்டினேன். பழைய கேட்டலாக்கும் அதோடு போயிற்று. இதில் மட்டும் விதிமுறையை ஒழுங்காகப் பின்பற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து, என்னோடு வேலை பார்க்கிற முருகேஸ்வரி வந்து கேட்டார்.

"அண்ணே, இந்த ட்ரேல பதினோரு டேப்பு கெடக்கே, காலி டேப்பா?"

நான் போனில் யு.பி.எஸ். கம்பெனிக்காரரோடு சண்டையில் இருந்தேன். ஆமாம், எடுத்துக்கொள் என்று கையைக் காட்டினேன். சர்வரும் மறுத்துப் பேசவில்லை. பட்டியலில் இல்லாத டேப் காலி டேப், கேட்காமலே மேலே எழுதிக்கொள்ளலாம் என்று அதற்குச் சொல்லி வைத்திருந்தது யார்? ஒவ்வொரு முறையும் அழிக்கலாமா, அழிக்கலாமா என்று கேட்டுத் தொல்லை செய்கிறதே என்று அந்தக் கேள்வியை நிறுத்தி வைத்த புண்ணியவானும் நான்தான்.

பாண்டியம்மாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். இல்லை. ஏழு வருடத்துக்கு முந்தைய அந்த மாதமே இல்லை. அப்போதுதான் அந்த ட்ரே ஞாபகம் வந்தது. ஓடிப்போய் அந்த டேப்புகளைத் தேடி எடுத்தேன்.

பதினொன்றில் எட்டு டேப்பில் புதுப் படங்கள் ஏறியிருந்தன. மூன்று மட்டும் தொடப்படாமல் இருந்தன. கேட்டலாக் இல்லாமல் ஒரு டேப்பை முதலிலிருந்து கடைசி வரை படித்துப் பட்டியல் போட ஒரு பகல் ஆகும். மூன்று நாள் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தினமும் மதியம் செல்லப்பாண்டி போன் செய்தார். கெடச்சிருச்சா சார், டாக்டர் தேதி குறிக்கணும்ன்றாக.

முதல் டேப்பில் இல்லை. இரண்டாவதில் அதே வருடம் வந்தது. ஆனால் பாண்டியம்மா விழுந்ததற்கு முந்தைய மாதத்தோடு டேப் முடிந்துவிட்டது. மூன்றாவதில் அதற்கு அடுத்த வருடம்.

முருகேஸ்வரி அழுதுவிட்டார். நான்தானேண்ணே எடுத்துப் போட்டேன் என்றார். நீ கேட்டாயம்மா, கேட்காதவன் நான் என்றேன். மேனேஜர் ஒரு வழி சொன்னார். ஐந்து வருடத்துக்கு மேல் நாங்கள் படம் வைப்பதில்லை என்று சொல்லிவிடுங்கள், முடிந்தது.

நான் அதைச் சொல்லவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக ஒன்று சொன்னேன். தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, ரொம்ப வருடம் ஆகிவிட்டது இல்லையா என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. மொத்தமாகப் பார்த்தால் பொய்.

"நீங்க என்ன செய்வீக சார், இம்புட்டுத் தேடுனதே பெருசு. நாங்களும்தான் அந்தப் படத்த வெட்டிக் கிரகணம் பாத்தோம்" என்றார் செல்லப்பாண்டி.

ஆபரேஷன் நடந்தது. எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. வீட்டில் கேட்டார்கள், வேலை அதிகம் என்றேன். போன் செய்து விசாரிக்கத் தைரியம் வரவில்லை.

போன வாரம் அவரே வந்தார். கையில் ஸ்வீட் பாக்ஸ். கூடவே பாண்டியம்மா. வெட்டி எடுத்ததைச் சோதித்ததில் பயப்பட ஒன்றும் இல்லையாம். எப்போதோ வந்து தானாக ஆறிப்போன பழைய தழும்பாம். ஊரிலிருந்து பஸ் ஏறி, எனக்கு நன்றி சொல்ல வந்திருந்தார்கள். நன்றி! மூன்று நாள் தேடியதற்கு.

பாண்டியம்மா பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு வார்த்தை, ஒரு மூச்சு, இரண்டு வார்த்தை. வயலுக்குப் போவதில்லை, ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை, அது போகப் போகச் சரியாகிவிடும் என்றிருக்கிறார்கள் என்றார். முகம் தெளிவாக இருந்தது. உயிருக்குப் பயம் இல்லை என்று தெரிந்தவரின் முகம்.

அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், பதினோரு டேப், ட்ரே, ஓகே... ஒன்று விடாமல். செல்லப்பாண்டியின் சிரிப்பு மறைய நேரம் எடுத்தது. விடுங்க சார், நல்லபடியா முடிஞ்சதப் பத்தி இப்ப எதுக்கு என்றார்.

பாண்டியம்மா விடவில்லை.

"அந்தப் படம் இருந்திருந்தா... வெட்டாமலே விட்டுருப்பாகளாண்ணே?"

"விட்டுருப்பாங்கம்மா."

பாண்டியம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"இம்புட்டு நாளாச் சொல்லல. அப்புறம் இப்ப எதுக்குண்ணே எங்கிட்டச் சொன்னீக?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். கணவரைப் பார்த்து, வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார். வாசல் படியில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கினார்.

எதற்குச் சொன்னேன்? சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லியிருந்தால் அது நேர்மை. போன வாரம் சொன்னது என் நெஞ்சு லேசாவதற்கு. பிழைத்துவிட்டோம் என்று சந்தோஷமாக வந்தவர், வீணாக வெட்டிக்கொண்டோம் என்ற எண்ணத்தோடு திருமங்கலம் பஸ்ஸில் ஏறினார். என் பாரத்தை இறக்கி அவர் மடியில் வைத்து அனுப்பிவிட்டேன். அந்தச் சிறிய நிம்மதியையாவது நான் விட்டுவைத்திருக்கலாமோ? இல்லை, அவர் நெஞ்சைப் பற்றிய உண்மை அவருக்குச் சொந்தம்தானே? ஒரு வாரமாக யோசிக்கிறேன். இரண்டு பக்கமும் சரியாகத்தான் படுகிறது, அதுதான் தூங்க விடவில்லை.

இந்த வருட ஆயுத பூஜைக்குச் சர்வர் அறையின் சுவரில் ஒரே ஒரு பொட்டு வைப்பதாக முருகேஸ்வரியும் நானும் முடிவு செய்திருக்கிறோம். கேட்காமல் அழிக்கிற அந்தச் செட்டிங்கையும் மாற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொரு டேப்புக்கும் சர்வர் நின்று கேட்கிறது: அழிக்கலாமா?

ஸ்வீட் பாக்ஸ் என் மேஜை மேல் அப்படியே இருக்கிறது. அதன் லேபிளில் பார்கோடு பளிச்சென்று தெரிகிறது.