ஓர் இடது கைக்கு இருபத்து மூன்று கத்திகள்

“பீச்சாங்கையால சீவுன குச்சி பிடிக்காதுத்தா. வேணும்னா எழுதி வச்சுக்க.”

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாள், நர்சரியின் மூத்த ஒட்டுக்காரர் சொன்னது இது. எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் குடும்பத்தில் எழுதி வைத்துக்கொள்ளத் தெரிந்த முதல் ஆள் நான்தான். முதல் பட்டதாரி என்று தாலுகா அலுவலகமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அம்மா அதற்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, பீரோவில் நகை இருக்க வேண்டிய இடத்தில் வைத்திருக்கிறாள். நகை இல்லாததால் இடம் தாராளமாக இருக்கிறது.

நர்சரி, கம்பத்திலிருந்து சுருளிப்பட்டி போகும் வழியில் இருக்கிறது. அங்கே மா ஒட்டுக் கன்றுதான் முக்கிய வியாபாரம். கொட்டை போட்டு வளர்த்த கன்றின் தலையை வெட்டி, தண்டை நடுவில் பிளக்க வேண்டும். நல்ல ரக மரத்திலிருந்து எடுத்த குச்சியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி அதற்குள் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்ட வேண்டும். இருபது நாளில் குச்சி துளிர்த்தால் ஒட்டு பிடித்துவிட்டது. கறுத்தால் குப்பை. சீவுகிற பலகையில் ஆண்கள் உட்காருவார்கள், கட்டுகிற பலகையில் பெண்கள். அப்படித்தான் உட்கார வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் கிழித்திருப்பேன்.

தோட்டக்கலையில் நான்கு வருடப் படிப்பு முடித்த எனக்குத் தனியாக ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பதவியின் பெயர் மேற்பார்வையாளர். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, வருகிற போனை எடுத்து, போகிற கன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். நான் கேட்டது சீவுகிற பலகையை. முதலாளி தாடியைத் தடவினார்.

“படிச்ச பிள்ள ஆசைப்படுற. வாராவாரம் சனிக்கிழம சாயங்காலம் அம்பது கன்னு எடுத்துச் சீவிப் பாரு. ஒழுங்கா பிடிச்சா பலகையில உக்காரு. பிடிக்கிற வரைக்கும் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது.”

முதல் ஐம்பதில் இரண்டு பிடித்தன. அந்த இரண்டும் என் மேல் இரக்கப்பட்டுப் பிடித்தவை என்று நினைக்கிறேன். நான் சீவிய ஆப்பு எப்போதும் நடுவில் குழிந்திருக்கும். கன்றில் செருகினால் இடைவெளி தெரியும். கட்டுகிற பலகையில் இருந்த ஒரு அக்கா, ஒரு கன்றைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

“ஏத்தா, இதுக்குள்ள பாத்தா அங்கன சுருளி மலையே தெரியுதே. இதக் கட்டவா, ஜன்னலு வைக்கவா?”

இந்தத் தோல்விக்குப் படித்தவளாகிய நான் கண்டுபிடித்த மருந்து, நல்ல கத்தி வாங்குவது. அதுவும் பிடிக்கவில்லையென்றால் அதைவிட நல்ல கத்தி வாங்குவது. ஒட்டுக்காரர்கள் வைத்திருப்பது பாக்கெட்டில் போட்டுக்கொள்ளும் மடக்குக் கத்தி. ஆகவே நானும் மடக்குக் கத்தியாகப் பார்த்துப் பார்த்து வாங்கினேன். கம்பத்தில் பஸ் ஏறி மலை மேலே குமுளிக்குப் போனேன். “ஜெர்மன் மாடலாணு சேச்சி, கண்ணடச்சு வாங்கிக்கோ” என்றார் கடைக்காரர். கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன். பிடியில் யானை செதுக்கியிருந்தது. ஜெர்மனிக்காரர்களுக்கு யானை மேல் இவ்வளவு பிரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. வீரபாண்டித் திருவிழாக் கடையில் மீன் வடிவத்தில் ஒன்று வாங்கினேன். துபாயிலிருந்து வந்த மாமா மகன், பதிமூன்று வேலை செய்யும் ஒன்றைக் கொடுத்தான். அதில் ஒயின் பாட்டில் திறக்கிற சுருள் கம்பியும் இருந்தது. எங்கள் வீட்டில் அது திறந்தது அம்மாவின் வாயை மட்டும்தான்.

“திராட்சத் தோட்டத்துல நான் கத்தரி பிடிச்சது, நீ பேனா பிடிக்கணும்னுதான். நீ பேனாவத் தூக்கிப் போட்டுட்டு கத்தி கத்தியா வாங்கி அடுக்குற. குடலு உருவவா போற?”

ஆன்லைனில் வந்ததுதான் இருப்பதிலேயே உயர்ந்தது. மரப்பெட்டி, தோல் உறை, எண்ணெய்க் குப்பி, பராமரிப்புக் கையேடு எல்லாம் கூட வந்தன. இரும்பின் கடினத்துக்கு ஒரு எண் போட்டிருந்தார்கள். அந்த எண்ணை ஒரு மாதம் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் கத்தியாலும் சுருளி மலை தெரிந்தது. முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது என்று அதே அக்கா சொன்னாள்.

இப்படி ஒன்றரை வருடத்தில் இருபத்து மூன்று கத்திகள் சேர்ந்தன. அலமாரியில் துணி விரித்து, வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். வாரம் ஒரு முறை துடைப்பேன். சனிக்கிழமைக் கன்றுகள் மட்டும் வாராவாரம் கறுத்துக்கொண்டிருந்தன.

ஒரு நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு மூத்த ஒட்டுக்காரர் தன் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அலகின் ஒரு பக்கத்தை முப்பது நாற்பது இழுப்பு இழுத்தவர், மறுபக்கத்தைப் பேருக்கு ஒரு முறை தொட்டுவிட்டு மடக்கப் போனார். குற்றம் கண்டுபிடிக்கும் ஆசையில் கேட்டேன்.

“மறுபக்கம் தீட்ட மாட்டீகளாண்ணே?”

“அது குச்சியில படுக்குற பக்கம்த்தா. மட்டமாத்தான் இருக்கணும். நாலு வருசமா என்னதான் படிச்ச?”

நான்கு வருடமாக அதைத்தான் படித்தேன். ‘ஒட்டுக் கத்தியின் அலகு ஒரு பக்கம் மட்டும் சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும், மறுபக்கம் மட்டமாக இருக்கும்.’ இந்த விடைக்கு எனக்கு முழு மதிப்பெண். எந்தப் பக்கம் சாய்வு என்று வினாத்தாளில் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அவருடைய வலது கையில் மட்டமான பக்கம் குச்சியில் படுத்துக்கொண்டு நேராக வழுக்கிப் போகிறது. அதே கத்தியை இடது கையில் பிடித்தால் சாய்வான பக்கம் குச்சியில் படுகிறது. கத்தி உள்ளே குடைந்து போகாமல் வேறு என்ன செய்யும்? ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஸ்கேலால் தட்டித் தட்டி, எழுதுவதை மட்டும் என் வலது கைக்கு மாற்றிவிட்டிருந்தார். மற்ற வேலையெல்லாம் இடது கையிலேயே தங்கிவிட்டது. ஆக, குற்றவாளி என் கையும் இல்லை, இரும்பின் எண்ணும் இல்லை. கடைகளில் விற்கிற நல்ல ஒட்டுக் கத்தியெல்லாம் சோத்துக்கைக்காரர்களுக்குச் செய்தவை. இது தெரிய எனக்கு ஒரு பட்டமும் இருபத்து மூன்று கத்தியும் தேவைப்பட்டன.

அன்று வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தரையில் பேப்பர் விரித்துப் பரப்பினேன். ஒரு கட்டு மாங்குச்சியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சீவிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் தீட்டியவை என் கைக்கு வளைந்து கொடுத்தன. ஆனால் பாதி கடப்பாரை கனத்துக்கு இருந்தன, மீதி நான்காவது குச்சியிலேயே மழுங்கின. யானையும் மீனும் கத்தி என்ற பெயருக்கே அருகதை இல்லாதவை. ஒழுங்கான ஒட்டுக் கத்தி என்று பார்த்தால் ஏழு. ஏழும் வலது கைக்கு.

அந்த ஏழில் அலகு கனமாக இருந்த இரண்டை எடுத்துக்கொண்டு, தேனியில் வேறு ஒரு வேலை இருந்த நாளில் பழனிசெட்டிபட்டியில் ஒரு பட்டறைக்குப் போனேன். அரிவாளும் திராட்சைக் கத்தரியும் சாணை பிடிக்கிற இடம். பட்டறைக்காரர் கத்தியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சரியாத்தான இருக்கு. இத எதுக்கு உல்ட்டாவாப் பிடிக்கச் சொல்ற?”

“நான் உல்ட்டாண்ணே. அதான்.”

“வீட்டுல பெரியவுகளக் கேட்டியா?”

“கத்தி என்னோடது, கை என்னோடது. பெரியவுக எதுக்கு?”

“கை உன்னோடதுதான். கத்தி கெட்டா கெட்ட பேரு என்னோடதுல்ல?”

பேசிக்கொண்டே மிஷினைப் போட்டார். சாய்வு இருந்த பக்கத்தைத் தேய்த்து மட்டமாக்கி, மட்டமாக இருந்த பக்கத்தில் புதுச் சாய்வு எடுத்தார். அலகு பாதியாகக் குறைந்துவிட்டது. பிறகு ஒரு குச்சியை எடுத்துத் தன் வலது கையால் சீவிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

“எனக்கு ஒத்து வரல தாயி.”

“அப்ப சரியாத்தான் பிடிச்சிருக்கீக.”

மிச்சம் இருபத்து ஒன்று. அதிலிருந்து சாக்கு அறுக்க, நாடா வெட்ட, மாம்பழம் தின்ன என்று சாதாரணக் கத்தி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வாசலில் வாங்கிய அதற்குப் பெட்டியும் கிடையாது, எண்ணும் கிடையாது. பதிமூன்று வேலைக் கத்தியைத் தேடினால் காணவில்லை. அம்மாவின் சுருக்குப் பையில் இருந்தது. “அதுல இருக்க குட்டிக் கத்தரி நூலறுக்க நல்லாருக்கு” என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

மற்றதையெல்லாம் ஒரு பையில் போட்டு நர்சரிக்குக் கொண்டுபோனேன். கட்டுகிற பலகையில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கலாம் என்று நீட்டினால் ஒருத்தியும் கை நீட்டவில்லை.

“கத்தியக் கையில குடுக்காதத்தா, சண்ட வரும். கீழ வையி, எடுத்துக்கிறோம்.”

தினமும் சண்டை போடுகிறவர்கள்தான். பழியை என் கத்தி மேல் போட வேண்டாம் என்று பலகையில் பரப்பி வைத்தேன். வைத்த வேகத்தில் காலியானது. அதுவரை அவர்கள் பிளாஸ்டிக் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தினமும் மேற்பார்வை பார்த்தவள் நான். எனக்கு அது உறைக்கவே இல்லை. யானையை மட்டும் யாரும் எடுக்கவில்லை. அது இப்போது ஆபீஸ் ஜன்னல் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது.

மரப்பெட்டிக் கத்தியை வைக்கும்போது மட்டும் என் கை கொஞ்சம் தயங்கியது. பெட்டியோடு, கையேட்டோடு, துடைத்துத் துடைத்து வைக்கிற மாதிரி ஒரு பொருள் எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாருக்கும் இருந்ததில்லை. நான் அதைக் குச்சி சீவ வாங்கவில்லை. வாங்க முடிகிறது என்று பார்க்க வாங்கியிருக்கிறேன். அது புரிந்த பிறகு அதைக் கையில் வைத்திருக்கவே கூச்சமாக இருந்தது. சுருளி மலை பார்த்த அக்கா அதை எடுத்துக்கொண்டாள். பெட்டியில் இப்போது வெற்றிலை வைத்திருக்கிறாள்.

அந்தச் சனிக்கிழமை மறுபடி ஐம்பது கன்று எடுத்தேன். மூத்த ஒட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “கத்திய மாத்துனா கை மாறிருமாக்கும்?” என்று கேட்டுவிட்டுப் போனார். ஆப்பு இரண்டு பக்கமும் கண்ணாடி போல வந்தது. கட்டியவர்கள் யாரும் கன்றைத் தூக்கி மலை பார்க்கவில்லை. நேரே நாடாவைச் சுற்றினார்கள். இருபது நாள் கழித்துச் செம்பு நிறத்தில் துளிர்கள் வந்தன. எண்ணினால் நாற்பத்து மூன்று. மூத்த ஒட்டுக்காரரின் வழக்கமான கணக்குக்குச் சமம்.

அவர் வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார்.

“மழ நல்லாப் பேஞ்சிருக்கு. இந்த ஈரத்துக்கு விளக்கமாத்துக் குச்சியும் துளுக்கும்.”

“அதே மழதான உங்க கன்னுக்கும் பேஞ்சுச்சு” என்றாள் ஒருத்தி.

“சரி, அந்தக் கத்திய இங்கன வையி. என்னதான் இருக்குன்னு பாப்பம்.”

வைத்தேன். எடுத்தார். அத்தனை பேரும் பார்க்க, பல வருடப் பழக்கத்தோடு ஒரே இழுப்பாக இழுத்தார். கத்தி குடைந்துகொண்டு போய் நடுக் குச்சியில் நின்றது. இன்னொரு குச்சி எடுத்தார். அதுவும் அப்படியே. கட்டுகிற பலகையிலிருந்து அக்கா மெதுவாகக் கேட்டாள்.

“என்னண்ணே, மலை தெரியுதா?”

அவரிடம் சொல்ல என்னிடம் ஒரு நல்ல வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் பலகையே சிரித்துக்கொண்டிருந்தது, என் வாக்கியம் யார் காதிலும் விழுந்திருக்காது. அவர் கத்தியைப் பத்திரமாக மடக்கி வைத்தார். “கெட்டிக்காரக் கத்திதான்” என்றார். கத்தியைச் சொல்லியிருக்கிறார், என்னை இல்லை.

முதலாளி பேச்சு மாறாதவர். பலகையில் உட்காரலாம் என்றார். கூடவே ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்.

“நீ சீவு, யாரு வேணாங்குறா. ஆனா இருக்கது நாலு பேரு உக்காருற பலக. நாலு பேருல ஒருத்தரு லீவு போடுற அன்னைக்கு நீ உக்காரு.”

மூத்த ஒட்டுக்காரர் தன் மகள் கல்யாணத்தன்றும் மதியத்துக்கு மேல் வந்து கன்றுகளைப் பார்த்துவிட்டுப் போனவர். மற்ற மூவரும் அவர் தயாரிப்புகள். நான் நாற்காலிக்குத் திரும்பினேன்.

அந்த நாற்காலியால் ஒரு லாபம் உண்டு. நர்சரிக்கு வருகிற போன் முதலில் என்னிடம்தான் வரும். மயிலாடும்பாறையிலிருந்து ஒரு பெண் பேசினார். அவருடைய தோப்பில் முப்பது வயது மாமரங்கள், பழம் வாயில் வைக்க முடியாத புளிப்பு. மரங்களின் தலையை வெட்டிவிட்டு நான்கு மாதமாகிறதாம். வெட்டிய இடத்தில் புதுக் கிளைகள் வந்திருக்கின்றன, அதில் நல்ல ரகம் ஒட்டித் தர ஆள் வருமா என்று கேட்டார். மூத்த ஒட்டுக்காரரிடம் சொன்னேன்.

“அம்புட்டுத் தூரம் போயி, ஏணி வச்சு மரத்துல ஏறவா? என் முட்டி தாங்காதுத்தா. ஆள் இல்லன்னு சொல்லிரு.”

நான் போன் பண்ணி, ஆள் இருக்கிறது என்று சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறி மயிலாடும்பாறைக்குப் போய் வந்தேன். பக்கத்துத் தோப்பில் நல்ல ரக மரம் ஒன்று இருந்தது. அதில் அறுபது குச்சிகளைத் தேர்ந்தெடுத்து, காம்பு மட்டும் நிற்கும்படி இலைகளை நறுக்கிவிட்டேன். அப்படி நறுக்கிய பத்தாவது நாள் நுனி மொட்டு பருத்திருக்கும். அன்றைக்குக் குச்சியை வெட்டிச் சீவ வேண்டும். விட்டால் மரத்திலேயே துளிர்த்துவிடும், பிறகு உதவாது. பத்தாவது நாள் வருகிற புதன்கிழமை. அன்றைக்கு எனக்கு லீவு வேண்டும் என்று எழுதி முதலாளி மேஜையில் வைத்துவிட்டேன்.