இடது கால்

ஒரு மாலை பத்தரமுல்லையிலிருந்து வெள்ளவத்தைக்குக் கால்வாய்ப் படகில் வந்தேன். பாதி இருக்கைகள் காலியாக இருந்தும் ஒருவர் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றார். மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை, அதன்மேல் படகில் கொடுத்த லைஃப் ஜாக்கெட், கையில் ஒரு கேக் பெட்டி. "வாடிவென்ன மாத்தயா" என்று அவரை உட்காரச் சொல்லிச் சொல்லியே படகோட்டி களைத்துப்போனார்.

"ஏன் ஐயா நிக்கிறீங்கள்? இடம் இருக்குத்தானே?" என்றேன்.

"இருந்தா எழும்பி இறங்கேலாது தம்பி. முப்பது வருஷமா பஸ்ஸில போய் வாறனான். கொழும்பில ஆம்பிளைக்கு ஆர் பஸ்ஸை நிப்பாட்டினவன்? ஸ்லோ பண்ணுவான், நாங்கள் குதிக்கவேணும். இடது காலை முதல் வைக்கவேணும். வலது காலை வச்சா விழுந்திடுவீர்."

வெள்ளவத்தைத் துறை தெரிந்ததும் படகு வேகம் குறைத்தது. அவ்வளவுதான், அவர் குதித்துவிட்டார். துறைக்கு இன்னும் ஆறடித் தண்ணீர் பாக்கி இருந்தது.

அந்தத் தண்ணீரின் வாசனையை வெள்ளவத்தைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதில் கழுத்தளவுக்கு மிதந்தார். கேக் பெட்டி மட்டும் தலைக்கு மேலே, ஒரு துளி படாமல் நின்றது. குனிந்து முதலில் அதைத்தான் வாங்கினேன்.

"கவனம், மகளின்ட பேர்த்டே கேக்" என்றார். பிறகு தலைமயிரில் சிக்கிய சல்வீனியா நீர்ச்செடியை எடுத்தபடி கேட்டார்: "பார்த்தனீர்தானே? இடது கால்தான் முதல் வச்சனான்."

பார்த்தேன். அதில் ஒரு பிழையும் சொல்ல முடியாது.