பாஸ்வேர்டு கேட்டு அடித்த போன்

போன வருடம் பள்ளி விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூடாயில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். விடிவதற்கு முன்பே மோட்டாரில் பாலம் தாண்டிப் போய், பொழுது சாய்ந்த பிறகு திரும்புகிறவர். சிகரெட் இல்லை, தண்ணி இல்லை. ஒரே ஒரு பைத்தியம்தான், லினக்ஸ். கல்யாண விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தன் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பிரியாணி ஆறிப்போகும் வரை பாடம் நடக்கும். அது யாருடைய தனிச்சொத்தும் இல்லையாம். உலகம் முழுக்க இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதியதாம். யார் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாமாம், மாற்றலாமாம். "ஓசியா தம்பி?" என்று யாராவது கேட்டுவிட்டால் முகமே மாறிவிடும். "ஓசி இல்ல அங்கிள், சுதந்திரம்!" என்பார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

என் மடிக்கணினி பழசு. புது விண்டோஸ் அதில் ஏறாது என்று தெரிந்ததும் அவருக்கு வந்ததே ஒரு சந்தோஷம்! ஆனால் எனக்கு அந்தத் திங்கட்கிழமை பத்து மணிக்கு நேர்காணல். பிள்ளைகளுக்காக வேலையை விட்டுவிட்டு வருடக்கணக்காக வீட்டில் இருந்தவள் நான். எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டதில் ஒரு லாரி கம்பெனி மட்டும்தான் கூப்பிட்டது. வீட்டிலிருந்தே பார்க்கிற கிளார்க் வேலை. நேர்காணலுக்குக் கணினி வழியாகத்தான் வர வேண்டும், அவர்கள் அனுப்பும் எக்செல் தாளை அவர்கள் பார்க்கும்போதே நிரப்பிக் காட்ட வேண்டும், கைப்பேசி ஆகாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் இந்த வயதில் இன்னொருவர் கூப்பிடுவாரா என்று எனக்குப் பயம்.

நேர்காணல் முடியட்டும், அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். கேட்டால்தானே! ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றி முடித்துவிட்டார். "வந்து பாரும்மா, என்னா வேகமா ஓடுது!" என்று ஹாலிலிருந்து கூப்பிட்டார். எண்ணெய் தெறித்துக்கொண்டிருந்தது, நான் போகவில்லை. இன்னும் ஏதோ கேட்டார். எரிச்சலில் நானும் ஏதோ பதில் சொன்னேன்.

மறுநாள் காலை சேலை கட்டி, பவுடர் போட்டு, மடிக்கணினியைத் திறந்தேன். அழகான ஒரு மலைப் படம். நடுவில் ஒரு கட்டம். பாஸ்வேர்டு கேட்டது.

என்ன பாஸ்வேர்டு? என் பெயரைப் போட்டேன். பிள்ளைகள் பெயர், கல்யாணத் தேதி, வீட்டு நம்பர், மாமியார் பெயர்கூடப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் தப்பு, தப்பு என்று அந்தக் கட்டம் ஆடிக் காட்டியது. உலகத்தில் எல்லாருக்கும் சொந்தமான கணினியாம்! அதன் பாஸ்வேர்டு மட்டும் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும்! அந்த ஆளோ போனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே போயிருக்கிறார். கேமரா இருக்கிற போனை அவர்கள் தொழிற்சாலைக்குள் விடமாட்டார்கள், சாப்பாட்டு நேரத்தில்தான் எடுப்பார். எங்கள் கடைத்தெருவில் முன்பு இருந்த கம்ப்யூட்டர் கடையும் பபிள் டீ கடையாகிவிட்டது. ஓடிப்போக ஓர் இடம் இல்லை.

வேறு வழியில்லாமல் தொழிற்சாலை நம்பருக்கே அடித்தேன். எடுத்த பெண், வேலை நேரத்தில் கூப்பிட முடியாது, எமர்ஜென்சி என்றால் மட்டும்தான் என்றாள். எனக்கு அது எமர்ஜென்சிதானே? "யெஸ், எமர்ஜென்சி!" என்று அடித்துச் சொன்னேன். உடனே என்னைக் கூப்பிடச் சொல்லுங்கள் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

எங்கள் குடும்பங்களில் வேலை செய்கிற இடத்துக்கு வீட்டிலிருந்து போன் போனால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான், சாவு. எஸ்டேட் காலத்தில் ஆபீஸுக்குத் தகவல் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அது எனக்குத் தெரியாததா? ஆனால் அந்த நேரத்தில் என் மண்டைக்குள் நேர்காணலைத் தவிர வேறு எதுவும் இல்லை. சிம்பாங் ரெங்கத்தில் மூத்த மகன் வீட்டில் இருக்கிற என் மாமியார் அப்போதுதான் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தார் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

மணி பத்தை நெருங்கும்போது போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன்.

"அம்மாவா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான். அது அவர் குரலாகவே இல்லை. எனக்குத்தான் உறைக்கவில்லை.

"என்ன அம்மா? பாஸ்வேர்டு என்னாங்க? சீக்கிரம் சொல்லுங்க லா, நேரமாச்சு!" என்று கத்தினேன்.

அவர் மெதுவாகச் சொன்னார். "நீதானம்மா நேத்து சொன்ன. என்ன பாஸ்வேர்டு வைக்கட்டும்னு கேட்டேன். என்னமோ வைங்கன்னு சொன்ன. அதையே வச்சிட்டேன். இங்கிலீஷ் எழுத்துல, சேர்த்து அடி."

அடித்தேன். திறந்தது. அலமாக்! என்று நான் வாயைப் பொத்தியபோது அவர் போனை வைத்துவிட்டிருந்தார்.

நேர்காணலில் ஒரு மலாய்க்கார அம்மாவும் ஒரு சீனரும் இருந்தார்கள். லினக்ஸில் எக்செல் இல்லாததால் தாள் வேறு எதிலோ திறந்தது; மேலே இருக்கிற பட்டன்கள் எல்லாம் இடம் மாறிக் கிடந்தன. அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே தேடித் தேடி நிரப்பினேன். கூட்டல் எங்கேயும் கூட்டல்தானே. பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி மேசையைக் குலுக்கிக்கொண்டே இருந்தது. திடீரென்று சிக்கல் வந்து, உதவிக்கு ஆள் இல்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று அந்த அம்மா கேட்டார். பதற்றப்படாமல் யோசித்து முடிவெடுப்பேன் என்று கூச்சமே இல்லாமல் சொன்னேன்.

முடிந்ததும் கைப்பேசியைத் திருப்பினால், குடும்ப வாட்ஸ்அப்பில் என் மாமியார் படம்! பக்கத்தில் குத்துவிளக்கு, கீழே 'ஆழ்ந்த இரங்கல்'. நடந்தது இதுதான். என் வீட்டுக்காரர் போனைக் கையில் எடுத்ததும் முதலில் அவர் அம்மாவுக்குத்தான் அடித்திருக்கிறார். எடுக்கவில்லை. அண்ணனுக்கு அடித்தால் அவரும் எடுக்கவில்லை. சாஆ ஊரில் இருக்கிற சித்திக்கு அடித்து, ஃபேக்டரிக்கே போன் வந்திருக்கிறது சித்தி என்று சொல்லியிருக்கிறார். சித்திக்கு அது போதுமே. என்னிடம் பேசிவிட்டு அவர் திரும்பக் கூப்பிடுவதற்குள் படம் ஏறிவிட்டது. மாலை வாங்கிக்கொண்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு வேனும் கிளம்பிவிட்டது. சித்தி அழுகிற சத்தத்தில் போன் அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

எல்லாவற்றுக்கும் கீழே என் மாமியாரின் குரல் பதிவு ஒன்று இருந்தது. "அடியே, கடைக்குப் போயி ஒரு ரொட்டி சானாய் சாப்ட்டு வர்றதுக்குள்ள என்னய சாகடிச்சிட்டீங்களா? டாக்டர்கிட்ட யாரும் சொல்லிடாதீங்க!" வேனில் போனவர்கள் மத்தியானம் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம். மாலையை என்ன செய்தார்கள் என்று மட்டும் இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்று அவர் வீட்டுக்கு வருவதற்குள் நான் அவருக்கும் சித்திக்கும் சேர்த்துத் திட்டு தயார் செய்து வைத்திருந்தேன். நேர்காணலுக்கு முதல் நாள் கணினியில் யார் கை வைக்கச் சொன்னது என்று ஆரம்பித்தேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "வீட்லேர்ந்து எமர்ஜென்சின்னு சொன்னதும் அம்மாதான் போயிட்டாங்கன்னு நெனச்சேன்ம்மா. லாக்கர் பக்கத்துப் படியிலயே உக்காந்துட்டேன்" என்றார். அதோடு விட்டிருந்தால் நான் இன்னும் கொஞ்சம் கத்தியிருப்பேன். "வேலை கிடைச்சிருமா?" என்று கேட்டார். நான் எழுந்து போய் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைத்தேன்.

வேலை கிடைத்தது. இப்போதும் அதே மடிக்கணினி, அதே லினக்ஸ். வேகமாகத்தான் ஓடுகிறது, அவரிடம் ஒத்துக்கொள்ள மாட்டேன். பிரிண்டர் மட்டும் இன்னும் நினைத்தால்தான் வேலை செய்யும், அந்த எரிச்சல் தீரவில்லை. பாஸ்வேர்டை எப்படி மாற்றுவது என்று எனக்கே தெரியும் இப்போது. மாற்றவில்லை. மீன் பொரிக்கிற அவசரத்தில் நான் அலட்சியமாகச் சொன்ன அந்தச் சொற்களை ஒவ்வொரு காலையும் தட்டும்போது, தொழிற்சாலைப் படியில் உட்கார்ந்து "அம்மாவா?" என்று கேட்ட அந்தக் குரல் எனக்கு மறுபடி கேட்கிறது. அதன் பிறகு என் அவசரத்தை யார் தலையிலும் சட்டென்று இறக்கிவைக்க மனசு வருவதில்லை.