குறைவான பயன்பாடு

"வீடு பாத்தாச்சு," என்றாள் அண்ணி.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "யாரு பாத்தது?"

"நான்தான். ஆறு வருஷமா பாத்துட்டிருக்கேன்."

"ஆறு வருஷமா அடுத்தவங்க வீட்டையே பாத்தியா? அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"மாசாமாசம் வாசல்ல குந்தி உக்காந்து, மூடியைத் திறந்து, கண்ணாடியைத் துடைச்சு நம்பர் எழுதறேன். வேலைன்னா என்னன்னு நெனச்சீங்க?"

"உள்ள போய்ப் பாத்தியா?"

"உள்ள என்ன இருக்கப் போகுது, சுவரும் தரையும். ஒரு சொட்டு ஒழுகல் கிடையாதுங்க. மீட்டர் பொய் சொல்லாது."

"என்னைக் கட்டிக்கறதுக்கு முன்னாடி இவ்வளவு விசாரிச்சியா?"

"விசாரிக்காமதானே மாட்டிக்கிட்டேன்." அண்ணி எதிரே உட்கார்ந்திருந்த நாத்தனார் பக்கம் திரும்பினாள். "நீ என்ன சொல்ற, பெரிய படிப்பு?"

அண்ணன் வீட்டில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த தங்கைக்கு அண்ணி வைத்த பெயர் அது. இரண்டு மொழியில் படித்தவள், ஒரு மொழியில்கூட அதிகம் பேசமாட்டாள். அன்று பேசினாள். "உங்களுக்குத் தெரியாததா அண்ணி?"

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று பிற்பாடு பலமுறை நினைத்திருக்கிறாள்.

பெருநகரத்திலிருந்து ரயிலில் அரை மணி தள்ளி இருக்கும் ஊர். பாதி கட்டி நின்றுபோன அடுக்குமாடிகள், டயர் கடைகள், ஒரே ஒரு ரயில் நிலையம். அங்கே குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் கணக்கெடுப்பது அண்ணியின் வேலை. நாய் விரட்ட ஒரு கம்பு, கண்ணாடி துடைக்க ஒரு பழந்துணி, கக்கத்தில் நீளமான பதிவேடு. குழந்தை பிறந்த வீடு, விருந்தாளி வந்து தங்கிய வீடு, ஆள் கோபித்துக்கொண்டு போய்விட்ட வீடு எல்லாம் அவளுக்கு எண்ணிலேயே தெரிந்துவிடும். ஒருமுறை யாரும் குழாயைத் திறக்காதபோதும் முள் நகர்வதைக் கண்டு, ஒரு வீட்டின் தரைக்கடியில் குழாய் உடைந்திருப்பதைச் சொல்லி, சுவர் இறங்காமல் காப்பாற்றியிருக்கிறாள். அலுவலகத்தில் அவள் எழுதினால் அதற்கு மறுபேச்சு இல்லை.

அவள் தேர்ந்தெடுத்தது கடைசித் தெருவின் கடைசி வீடு. வயதான தையல்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். பதிவேட்டில் அந்த வீட்டுக்கு நேராக, குறிப்பு என்ற கட்டத்தில், மாதம் தவறாமல் அவள் எழுதியது ஒன்றுதான்: பயன்பாடு குறைவு, குழாயில் பழுது இல்லை. பக்கத்து வீடுகளுக்கும் ஏறக்குறைய அதேதான். சின்னக் குடும்பங்கள், கட்டுசெட்டான மனிதர்கள் என்று அவளுக்கு அந்தத் தெருமேல் ஒரு மதிப்பு.

விலை பேசப் போன அன்று அண்ணன் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தான். தண்ணீர் வாளியில் தொம்மென்று விழுந்தது. மாடித் தொட்டிக்கு அது எங்கிருந்து ஏறியது என்று யாரும் கேட்கவில்லை.

குடிவந்த எட்டாம் நாள் தொட்டி காலியானது. தெருவிலிருந்து வரும் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. அண்ணி வாசலுக்குப் போய்ப் பழக்கதோஷத்தில் மூடியைத் திறந்து கண்ணாடியைத் துடைத்தாள். முள் அசையவில்லை. சொந்த வீட்டு மீட்டர் முன்னால் அவள் குந்தியபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்ததைத் தங்கை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

தையல்காரருக்குப் போன் போட்டார்கள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "நாங்க லாரித் தண்ணிதானேம்மா வாங்கினோம். கடைசி எட்டு வீட்டுக்கும் குழாய்த் தண்ணி ஏறாதே. எப்பவாவது ராத்திரில நூலாட்டம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். மாசாமாசம் வந்து பாக்கறவங்க நீங்க. தெரிஞ்சேதான் வாங்கறீங்கன்னு நெனச்சோம்."

சொல்லியும் இருந்தார்கள். அதுதான் அவளைத் தின்றது. அந்தத் தெருவில் எத்தனையோ பேர் வாசலில் நின்று "தண்ணி வரலைம்மா" என்றிருக்கிறார்கள். ஆனால் மீட்டர் பார்க்க வருபவளிடம் அதைச் சொல்லாத வீடே ஊரில் கிடையாது. கட்டணத்தைக் குறைக்க எல்லோரும் பாடும் பாட்டு என்று, "சரிங்க" என்றுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவாள்.

அதன்பிறகு வீடே லாரிக்காரன் சொன்ன நேரத்துக்கு எழுந்து, அவன் சொன்ன நேரத்துக்குத் தூங்கியது. துணி துவைத்த தண்ணீரில் தரை துடைத்தார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வரும் அண்ணன், ஒரு குவளைத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டே, "ஊர் வீட்டுக்கெல்லாம் நாடி பாத்த வைத்தியரே, நம்ம வீட்டுக்கு என்ன மருந்து?" என்பான். முதலில் அதற்கு அவளும் சிரித்தாள். பிறகு அவன் கேட்பதை நிறுத்திவிட்டான். அது இன்னும் மோசமாக இருந்தது.

எட்டு வீடும் சேர்ந்து புதிய குழாய் கேட்டு மனுக் கொடுத்தது. முன்னால் நின்றவர் பக்கத்து வீட்டு வேன் டிரைவர். பதில் வந்ததும், அது அலுவலக மொழியில் இருந்ததால், படித்துச் சொல்லச் சொல்லி எல்லோருமாகத் தங்கையிடம் வந்துவிட்டார்கள். கூடத்தில் ஆறு பேர். அண்ணி டீ கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தங்கை முதலில் கண்ணாலேயே ஓட்டினாள். களப்பணியாளரின் ஆறாண்டுப் பதிவுகளின்படி இப்பகுதியில் பயன்பாடு குறைவு, குழாயில் பழுது இல்லை, ஆகவே புதிய குழாய்க்கு அவசியமில்லை. பின்னால் பதிவேட்டின் நகல்கள். ஒவ்வொரு பக்கத்திலும் அடியில் அண்ணியின் பெயரும் கையெழுத்தும்.

"பதிவுகளைப் பாத்தா இங்க குறை எதுவும் தெரியலையாம். குழாய் தர முடியாதாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு நகல்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எவன் எழுதினானோ," என்றார் வேன் டிரைவர். "நீங்க நம்பர் மட்டும்தானேம்மா எழுதறீங்க, குறை எழுதறவன் வேற ஆளா இருப்பான். வெயில்ல நடக்கச் சோம்பல் பட்டு, எங்கயாவது நிழல்ல உக்காந்து இஷ்டத்துக்கு எழுதியிருப்பான். நீங்க உள்ள இருக்கறவங்க, யாருன்னு கொஞ்சம் விசாரிங்கம்மா."

"விசாரிக்கிறேன்," என்றாள் அண்ணி. காலிக் கோப்பைகளை எடுத்துத் தட்டில் அடுக்கினாள்.

அவர்கள் போனதும் அண்ணன் கதவைச் சாத்தினான். "வாயைத் திறந்துடாத. உன் வேலையைக் காட்டிக் கடன் வாங்கித்தான் இந்த வீட்டையே வாங்கினோம். அது போச்சுன்னா தண்ணி மட்டுமில்ல, வீடும் இல்ல." செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போனான்.

அண்ணி ஒரு சொம்புத் தண்ணீரில் எல்லாக் கோப்பைகளையும் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு ஈரக்கையோடு வந்து தங்கையின் எதிரே உட்கார்ந்தாள்.

"பின்னாடி இருந்த தாளை ஏன் படிக்கல?"

"வேணாம்னு தோணுச்சு அண்ணி."

"நான் நிழல்ல உக்காந்து எழுதல. ஒவ்வொரு வாசல்லயும் குந்தித்தான் எழுதினேன். ஒரு நாளாவது ஒரு குழாயைத் திறந்து பாத்திருக்கலாம், பாக்கல. நாளைக்கு மறுபடி மனு எழுத உன்கிட்டதான் வருவாங்க. இல்லியா?"

"ஆமா."

"அந்தக் குறிப்பெல்லாம் தப்புன்னு அதுல எழுது. எழுதினவளே சொல்றான்னு எழுது. என் பேரைப் போடு."

"அண்ணனுக்கு என்ன சொல்றது?"

"அவர்கிட்ட நான் பேசிக்கறேன். பேசறதுக்கு முன்னாடி நீ எழுதி முடிச்சுடணும். இல்லன்னா அவர் முகத்தைப் பாத்துட்டு நான் வேணாம்னு சொல்லிடுவேன். அப்படிச் சொன்னா கேக்காத, என்ன?"