செத்தவருக்குப் பிறந்த என் அப்பா

போன செவ்வாய்க்கிழமை ஓர் அரசாங்க அலுவலகத்தில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது:

"உங்க தாத்தா யுத்தத்துலயே செத்துட்டாருங்க. அதுக்கு அஞ்சாறு வருஷம் கழிச்சு உங்க அப்பா எப்படிப் பொறந்தாரு?"

கேட்ட அலுவலர் தானே சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரும் சேர்ந்துகொண்டார். என் அப்பா என் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தாறு வயது. கையில் ஒரு மஞ்சள் பை.

எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. ஒன்றா இரண்டா? மாவட்டம் பிரிந்ததில் ஃபைல் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாமல், நாலு படி ஏறி இறங்கி வந்திருந்தோம். சிரிப்பு மட்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தது.

விஷயம் ரொம்பச் சின்னது. தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் கிராமம். பட்டாளத்துக்குப் போனவர்கள் பெயரையெல்லாம் வெட்டி, பள்ளிக்கூட வாசலில் ஒரு கருங்கல் பலகை வைக்கிறார்கள். அதில் தன் அப்பா பெயரும் வரவேண்டும் என்று என் அப்பாவுக்கு ஆசை. அவர் ஆசைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. பஞ்சாயத்துத் தலைவரும் நல்ல பையன்தான். "ஆபீஸ்ல ஒரு லெட்டர் மட்டும் வாங்கினு வந்துடுங்க பெரியப்பா, போட்டுடலாம்" என்றான்.

ஒரு லெட்டர்தானே... என்று நானும் கிளம்பினேன்.

தாத்தா பெயர் வீராசாமி. சொந்தமாக ஒரு காணி நிலம் கிடையாது. ஊரில் 'பெரிய வீடு' என்று ஒன்று உண்டு. அவர்கள் கரும்புத் தோட்டத்தில் கூலி. இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுத்தபோது, கல்யாணமான ஆறாம் மாதமே பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனது. தாத்தா கைதி ஆனார். அதோடு ஊருக்கு ஒரு தகவலும் இல்லை.

ஊர் பொறுத்துப் பார்த்தது. பிறகு வைக்கோலில் ஆள் உயரத்துக்குப் பொம்மை கட்டி, அவருடைய வேட்டியைச் சுற்றி, புதைத்துவிட்டார்கள். பதினாறாம் நாள் கருமாதி. பாட்டியின் தாலியைக் கழற்றினார்கள். அவளுக்கு அப்போது இருபது வயதுகூட இல்லை.

யுத்தம் முடிந்தது. ஒரு மத்தியானம் தாத்தா நடந்து வந்தார். எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு! முகாமைத் திறந்துவிட்டதும் யாரிடமும் கையெழுத்துப் போடாமல், அங்கிருந்து ஊர் திரும்பிய ரப்பர் தோட்டக் கூலிகளோடு கலந்து கப்பல் ஏறிவிட்டாராம். டிஸ்சார்ஜ் பேப்பர் கிடையாது, ஒன்றும் கிடையாது.

ஊர் ஓடிவந்து கட்டிக்கொண்டது என்று நினைக்கிறீர்களா? கருமாதி முடிந்தவன் வாசல் மிதிக்கக் கூடாது என்று தெருக்கோடியிலேயே நிறுத்தியது.

கூடிப் பேசி ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அடுத்தடுத்துப் பிள்ளை தங்காத வீட்டில், புதிதாகப் பிறந்ததைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்துக் குப்பன் என்று பெயர் வைப்பார்களே... எமன் குப்பை என்று நினைத்து விட்டுவிடுவான் என்று. அதையே தாத்தாவுக்கும் செய்தார்கள். மூன்றரை வருஷம் ஜப்பான்காரனிடம் தாக்குப்பிடித்து வந்த சிப்பாயை, மீசை வைத்த ஆளை, குப்பைமேட்டில் புரட்டினார்கள்! எழுந்தபோது அவர் பெயர் குப்புசாமி. பாட்டிக்கு மறுபடியும் தாலி. மூன்று வருஷம் கழித்து அப்பா பிறந்தார்.

ஆக, பட்டாளத்து வீராசாமி கணக்குப்படி செத்துவிட்டார். ரேஷன் கார்டு குப்புசாமியோ பட்டாளத்துக்கே போகவில்லை. இரண்டு பேரும் ஒரே ஆள் என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

இதில் அடிபட்டது யார்? அப்பாதான். தெருவில் சண்டை என்றால் முதல் வசவே "போடா, செத்தவனுக்குப் பொறந்தவனே!" பள்ளிக்கூடத்தில் இன்னும் மோசம். ஆறாம் வகுப்பு ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டில் தந்தை பெயர் குப்புசாமி, கீழே கையெழுத்து வீராசாமி. தாத்தாவுக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அது, பட்டாளத்தில் சொல்லிக்கொடுத்தது. குப்பைமேட்டில் பெயர் வைத்தவர்கள் அதை எழுதக் கற்றுத்தரவில்லையே! வாத்தியார் கையெழுத்தைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, "எவன்டா போட்டுக் குடுத்தான் இந்தக் கள்ளக் கையெழுத்த?" என்று பிரம்பு பிய்யும்வரை விளாசினாராம்.

அந்த ரிப்போர்ட்தான் மஞ்சள் பையில் இருந்தது. அதை வாங்கிப் பார்த்த அலுவலர் மேஜையோரம் தள்ளினார். "இதெல்லாம் செல்லாதுங்க. வேற இன்னா இருக்கு?"

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். பள்ளிப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றார். "இச்சி, நீ, சான், சி, கோ, ரொக்கு..."

"இன்னா பெரியவரே இது?"

"ஜப்பான் பாஷைல ஒண்ணு, ரெண்டு, மூணு சார். தெனம் காலைல வரிசையா நிக்க வெச்சு எண்ணச் சொல்வானாம். தப்பா சொன்னா அடி பின்னிடுவானாம். எங்கப்பா கரும்புக் கட்டுகூட இப்டித்தான் எண்ணிக்கினு இருப்பாரு. சாவற வரிக்கும் தமிழ்ல எண்ணவே இல்ல சார்."

மறுபடி சிரிப்பு. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மேஜையைப் புரட்டிப் போட்டிருப்பேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். அடி வாங்கி வாங்கி எண்ணக் கற்றுக்கொண்ட ஒரு மனுஷனுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேறு என்ன வேண்டும்?

கடைசியில் லெட்டர் கொடுத்தார்கள். 'வீராசாமி, போரில் காணாமற்போய் இறந்தவராகக் கருதப்படுபவர்.'

தலைவருக்கு ஒரே குஷி. "சூப்பர் பெரியப்பா! மொதோ பேரே தாத்தா பேருதான். வீரமரணம்னு வெட்டிடலாம். தெறப்பு விழால உங்களுக்குப் பொன்னாட!"

பஞ்சாயத்து ஆபீசில் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் அப்பா சத்தமாகச் சொன்னார்:

"எங்கப்பா சாவலப்பா. வூட்டுக்கு வந்தாரு. எங்கூட உக்காந்து கஞ்சி குடிச்சாரு. செத்தாருன்னு கல்லுல வெட்டிட்டீங்கன்னா... நானு யாரு?"

பெருமை என்ற பெயரில் அந்தப் பழைய வசவையே கல்லில் வெட்டித்தரப் பார்த்தோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எனக்கும் சேர்த்துத்தான்.

அந்த நாலைந்து பேரில் பெரிய வீட்டுப் பேரனும் ஒருவர். இப்போது கள்ளக்குறிச்சியில் வியாபாரம். மறுநாள் அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார், ஒரு பிளாஸ்டிக் கவரோடு. "பழைய வூட்ட இடிச்சோங்க சார். கம்பில குத்தி வெச்ச கடுதாசிங்க கெடச்சிது. ஞாபகம் வந்து தேடுனேன். இது உங்களுதான்னு பாருங்க."

ஒரு தபால் கார்டு. பழுப்பேறி, நடுவில் கம்பி போன ஓட்டையோடு.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் தபால்காரர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். கால் வைத்தால் தீட்டு! எங்கள் ஆட்களுக்கு வருகிற கடிதத்தையெல்லாம் பெரிய வீட்டில் போட்டுவிட்டுப் போய்விடுவார். அவர்களாகக் கூப்பிட்டுக் கொடுத்தால் உண்டு.

ஆங்கிலத்தில் அச்சடித்த வரிகளை அப்பாவுக்குப் படித்துச் சொன்னேன். 'நான் போர்க் கைதியாக இருக்கிறேன். நலமாக இருக்கிறேன்.' கீழே, தமிழில், கடைசி எழுத்தின் வால் நீண்ட ஒரு கையெழுத்து: வீராசாமி. அப்பா ப்ராக்ரஸ் ரிப்போர்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே வால்.

"எந்த வருஷம் போட்டுக்கீது?" என்றார். முத்திரையைப் பார்த்துச் சொன்னேன். விரல் விட்டு எண்ணினார். கருமாதிக்கு முந்தின வருஷம்!

"எங்க தாத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே சார்..." என்று இழுத்தார் பெரிய வீட்டுப் பேரன்.

"கையெழுத்து தமிழ்லதானங்க இருக்கு?" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவரைச் சொல்லி என்ன செய்ய? கொண்டுவந்து கொடுத்தாரே, அதுவே பெரிது. ஆனால் அப்பா, யாரையும் பார்க்காமல், மெதுவாக ஒன்று சொன்னார். "பொம்மைக்கு வைக்கலு இவுங்க வூட்லேந்துதான் குடுத்தாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

உயிரோடிருக்கிறேன் என்று அவர் எழுதிய கார்டு கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதே வீட்டிலிருந்து, அவரைப் புதைக்க வைக்கோல் போயிருக்கிறது.

கார்டையும் ரிப்போர்ட்டையும் பார்த்த தலைவர் மறுபேச்சுப் பேசவில்லை. நேற்று பெயர் வெட்டினார்கள். வெட்டுகிறவர் தலைமாட்டிலேயே அப்பா நின்றார். 'வீராசாமி என்கிற குப்புசாமி. போர்க் கைதி. ஊர் திரும்பியவர்.' கடைசி இரண்டு வார்த்தையை மட்டும் இன்னும் ஆழமாக வெட்டச் சொன்னார். பொன்னாடை வேண்டாம் என்றுவிட்டார்.

பலகையின் அடியில் 'உபயம்: பெரிய வீட்டார்' என்று ஏற்கெனவே வெட்டியிருக்கிறது. வைக்கோலும் அவர்கள் உபயம்தான் என்று சேர்க்க அதில் இடமில்லை. அதனால் இங்கே எழுதிவிட்டேன்.