வெறும் வண்டியின் எடை

என் வீட்டுக்காரர் கலைமணிக்கு மனிதர்களின் பெயர் நினைவில் நிற்காது. கல்யாண வீட்டில் யாராவது வந்து கையைப் பிடித்து நலம் விசாரித்தால் பேந்தப் பேந்த விழிப்பார். ஆள் நகர்ந்ததும் என் காதருகே குனிந்து, "மூவாயிரத்து நூத்தி எம்பது, செவப்பு டிராக்டரு" என்பார். பாரம் ஏற்றாத வெறும் வண்டியின் எடை அது. சுற்றுவட்டாரத்தில் அறுநூறு வண்டிகளின் வெறும் எடை அவர் தலைக்குள் இருந்தது. என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போன அன்று தன் அக்காவிடம், "அம்பத்தொண்ணு இருக்கும்" என்றாராம். நான் அப்போது நாற்பத்தெட்டுதான். முப்பது வருடமாகியும் அதை நான் மன்னிக்கவில்லை.

வெண்ணந்தூரிலிருந்து ராசிபுரம் போகிற ரோட்டில் அவருக்கு ஓர் எடைமேடை இருந்தது. மாமனார் செங்கோடன் போட்டது. மரவள்ளியை எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். காட்டில் பிடுங்கிய கிழங்கை ஜவ்வரிசி ஆலைக்கு விற்க எடை போட வேண்டும். பாரத்தோடு ஒரு தரம், இறக்கிவிட்டு வந்து வெறும் வண்டியாக ஒரு தரம். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் கிழங்கின் எடை. விற்கிறவன் ஒரு பக்கம் கெஞ்சுவான், வாங்குகிறவன் இன்னொரு பக்கம் கண்ணடிப்பான். மாமனார் இரண்டு பேரையும் பார்க்காமல் எண்ணை ரோடு வரைக்கும் கேட்கிற மாதிரி இரண்டு தரம் கத்துவார். அவருக்குப் பின் இவரும் அப்படியே கத்தினார். நீலத் தகரத்தில் வெள்ளை எழுத்தாக 'செங்கோடன் எடைமேடை' என்று ஒரு பலகை இருந்தது. வழியில் வேறு மேடைகள் இருந்தும் அவற்றைத் தாண்டிக்கொண்டு எங்கள் மேடைக்கு வண்டிகள் வரும்.

எனக்கு அந்த மேடையைப் பிடிக்காது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது. கிழங்கு சீசனில் அவர் வீட்டில் ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டதில்லை. மகள் மதுமதியின் காதுகுத்துக்குத் தாமதமாக வந்தவர், மொய் எழுதுகிறவரிடம் உட்கார்ந்து எந்த டிராக்டர் எவ்வளவு என்று பேசிக்கொண்டிருந்தார். மகன் சந்தோஷ்குமார் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான், நம்பர் கத்துவதற்கா என்னைப் படிக்கவைத்தீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் போனான். இவருக்கு முதுகு வளைய மறுத்தது. மேடைக்கு அடியில் இருக்கிற கருவி இரண்டு மழைக்காலத்தில் இடி இறங்கிக் கெட்டது. விற்றுவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன், விடாமல் நச்சரித்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் அன்பு என்ற கிழங்கு வியாபாரி வாங்க வந்தார். எல்லாம் பேசி முடித்து எழுந்திருக்கும்போது, பலகையும் அப்படியே இருக்கட்டுமே என்றார். இவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவிட்டு இரண்டு நாள் வாசலில் நடந்தார். மூன்றாம் நாள் அடுக்களைக்கு வந்து என்னைக் கேட்டார்.

"பலகைய மட்டும் கழட்டிக்கலாமா?"

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "அந்தத் தகரத்தக் கொண்டாந்து ஊட்டுல எங்கீங்க வெக்கறது? கோழி அடைக்கவா? குடுத்துத் தொலைங்க" என்றேன்.

அவர் சிரித்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் ஜெயித்துவிட்ட மாதிரி அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

அதற்குப் பிறகு நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம். ஓசூருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தோம். அவர் மூன்று வேளையும் வீட்டில் சாப்பிட்டார். ராசிபுரம் போகும்போது மட்டும் மேடை இருக்கிற ரோட்டில் வண்டியை விடாமல் ஊர்களைச் சுற்றிக்கொண்டு போவார். பெட்ரோல் என்ன தண்ணியா என்று நான் கிண்டல் செய்வேன்.

போன மாசியில் அவருடைய அக்கா குஞ்சம்மாள் வந்தார். கணவனின் அக்காவை நாங்கள் நங்கையா என்று கூப்பிடுவோம். அறுபத்தாறு வயது. புருஷன் போன பிறகு இரண்டரை ஏக்கரில் தனியாளாகக் குச்சிக்கிழங்கு போட்டவர். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் மண்ணை வாயில் போட்டுப் பார்த்து என்ன குறை என்று சொல்வார். ஒரு பை நிலக்கடலையை இறக்கி வைத்துவிட்டு, காட்டைக் கோழிப்பண்ணைக்காரருக்குப் பத்து வருடக் குத்தகைக்கு விடப்போவதாகச் சொன்னார். கிழங்கு மூன்று சீசனாகத் தேறவில்லையாம். ஏரி வண்டல் அடித்தாராம், எரு போட்டாராம், கிணற்றைக் கூடத் தூர் வாரினாராம். செடி ஆளுயரம் நிற்கிறது, எடை மட்டும் வரவில்லை என்றார். மடியிலிருந்து கடைசி லோடின் சீட்டை எடுத்துத் தம்பியிடம் கொடுத்தார்.

இவர் சீட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நங்கையாளின் வண்டி வெறுமனே மூவாயிரத்து நானூற்று இருபது கிலோ. பன்னிரண்டு வருடம் அவரே எடை போட்ட வண்டி. சீட்டில் மூவாயிரத்து எழுநூறு என்று இருந்தது.

"வண்டிக்குப் புதுசா ஏதாச்சும் மாட்டுனீங்களாக்கா?"

"பழசே கழண்டு உழுகுது, புதுசுக்கு எங்க போறது?" என்றார் நங்கையா. பிறகு அவரே சொன்னார்: "நீ ஏஞ்சாமி சீட்டப் பாக்கற? கை மாறுனாலும் அது அப்பன் மேடை, பொய் சொல்லாது. மண்ணுதான் பொய் சொல்லுது."

வெறும் வண்டியில் இருநூற்று எண்பது கிலோவைக் கூட்டிக் காட்டினால் கிழங்கில் அத்தனையும் குறையும். பாரத்தோடு எடை போட்டபோது எவ்வளவு குறைத்தார்களோ, அது யாருக்குத் தெரியும். இவர் முகம் சாம்பல் பூத்துப்போனது. எனக்கும் உடனே புரிந்துவிட்டது. நான் காபி போடுகிறேன் என்று அடுக்களைக்குள் போய் அடுப்பைப் பற்றவைக்காமலே நின்றேன். பிறகு ஒருவழியாகக் காபியைப் போட்டுக் கொண்டுவந்தேன். நங்கையா காபி குடித்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

அப்போதே பின்னால் ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். இவர் செருப்பைக் கூட மாட்டினார். நான்தான் தடுத்தேன். சரியாகத் தெரியாமல் ஒருத்தர்மேல் பழி சொல்லக்கூடாது, முதலில் விசாரியுங்கள் என்றேன். நியாயம் மாதிரி இருந்தது. உள்ளுக்குள் இருந்த பயம் வேறு. விஷயம் வெளியே வந்தால் பலகையை யார் கொடுக்கச் சொன்னது என்று நங்கையா கேட்பார். இன்றைக்கு நாளைக்கு என்று பதினொரு நாள் ஓடிவிட்டது. ஒவ்வொரு நாளும் சாப்பாட்டில் கை வைக்கும்போது அவர் என்னைப் பார்ப்பார், நான் குழம்பை ஊற்றுவேன்.

பன்னிரண்டாம் நாள் காலை, எரு அடிக்க வேண்டும் என்று பொய் சொல்லி அக்காவின் டிராக்டரை வாங்கி வந்தார். நானும் கூட ஏறிக்கொண்டேன். ராசிபுரத்தில் ஒரு மேடையில் நிறுத்தினோம், மூவாயிரத்து நானூற்று இருபது. இன்னொரு மேடையிலும் அதேதான். பிறகு எங்கள் பழைய மேடைக்குப் போனோம். விற்ற பிறகு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்கிறேன். பலகைக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மாமனாரின் பெயரை முன்னைவிடப் பெரிதாக எழுதி, சுற்றிலும் விளக்கு மாட்டியிருந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. இவரைக் கண்டதும் ஒரு பெரியவர் டிராக்டரிலிருந்து இறங்கி வந்து கும்பிட்டார்.

"உங்க மேடைன்னுதானுங்க இவ்வளவு தூரம் வாரோம்."

அவருக்கு விற்றதே தெரியவில்லை. வரிசையில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. இவர் கும்பிட்ட கையை இறக்க மறந்து நின்றார். எங்கள் முறை வந்தது. யாரும் எண்ணைக் கத்தவில்லை. கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சீட்டு மட்டும் வந்தது. மூவாயிரத்து எழுநூறு.

அன்பு உள்ளேதான் இருந்தார். நாற்காலி போட்டு, இளநீர் வெட்டச் சொன்னார். மெஷினுக்கு வருடா வருடம் முத்திரை வாங்குகிறோம், சந்தேகம் இருந்தால் எடையளவு ஆபீசில் எழுதிக் கொடுங்கள் என்றார். இவர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு, பலகையையாவது திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். எனக்கு அவமானமாக இருந்தது, கடைக்காரனிடம் கடன் சொல்கிற மாதிரி கேட்டார்.

"பேரையும் சேத்துத்தானுங்களே குடுத்தீங்க" என்றார் அன்பு. குரலைக் கூட உயர்த்தவில்லை.

அங்கிருந்து நேராக நங்கையாளின் காட்டுக்குப் போனோம். வரப்பில் உட்கார்ந்து தூக்குப்போசியில் கம்மங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். இவர் மூன்று சீட்டையும் அவர் மடியில் வைத்தார். எனக்கெங்கே தெரியும், நீ படி சாமி என்று என்னிடம் நீட்டினார். நான் படித்தேன். இரண்டு தரம் படிக்கச் சொன்னார், படித்தேன்.

"மண்ணு பொய் சொல்லலீங்கக்கா" என்றார் இவர்.

நங்கையா கையிலிருந்த கூழைக் கீழே வைத்தார். காட்டைப் பார்த்தார். அந்தக் கோடியில் யாரோ சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டிருந்தார்கள், அதை அப்போதுதான் நானும் கவனித்தேன்.

"முந்தாநேத்துத்தான் குத்தகைக்கு எழுதிக் குடுத்தேன்" என்றார். "மூணு வருசமா இந்த மண்ணத் திட்டிக்கிட்டே கெடந்தனே சாமி."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஒரு பிடி மண்ணை அள்ளி வாயருகே கொண்டுபோய், போடாமல் அப்படியே உதிர்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவன் ஏமாளி. நீ வெவரமானவ. நீயாச்சும் அன்னைக்கு எங்கப்பன் பலகையக் கழட்டிக்கச் சொல்லியிருக்கலாமில்ல?"

இவர் என்னைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்தபடி, "சொன்னாளுங்கக்கா. நாந்தான் கேக்கல" என்றார்.

இருபத்தேழு வருடம் அந்த மேடையில் ஒரு கிலோ கூட்டியோ குறைத்தோ சொல்லாத மனிதர். எனக்காகச் சொன்னார். நங்கையா என் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார், பாவம் நீ என்ன செய்வாய் என்கிற மாதிரி. நான் கையை உருவிக்கொள்ளவில்லை. அந்தக் கை இன்னும் எனக்குக் கனக்கிறது.

இவர் ஆபீசில் எழுதிக் கொடுத்தார். அவர்கள் வந்து சோதித்த அன்று மேடை சரியாகக் காட்டியது. அதன் பிறகு இவர் தினமும் காலையில் கிளம்பி, மேடைக்கு எதிரே இருக்கிற டீக்கடை பெஞ்சில் போய் உட்காருகிறார். டிராக்டர் திரும்பும்போது எழுந்து ஓடி நிறுத்துகிறார். "இது எங்க மேடை இல்லீங்க. உங்க வண்டி வெறுசா ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது. சீட்டப் பாத்துக்குங்க" என்கிறார். எண்ணை மட்டும் இரண்டு தரம் கத்துகிறார். சிலர் திரும்பிப் போகிறார்கள், சிலர் பைத்தியமா என்று பார்க்கிறார்கள். மதியம் நான் சோறு கொண்டுபோகிறேன். முதுகு வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறார். பலகையைப் பற்றி இதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தரமாவது திட்டியிருக்கலாம்.

போன வாரம் புதிதாக ஒருவர் வண்டியை நிறுத்தி, நீ யார் இதையெல்லாம் சொல்ல என்று இவரிடம் அதட்டினார்.

"இந்தப் பேர வித்தவனுங்க" என்றார் இவர்.

விற்கச் சொன்னவள் சோற்றுப் போசியோடு பின்னாலேயே நின்றேன்.

நங்கையாளின் காட்டில் கோழிக் கொட்டகைக்குத் தூண் நட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார். தம்பியை இரண்டு வார்த்தை திட்டுவார், பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து பூக்கட்டுவார், உன் பேச்சை அவன் கேட்டிருக்க வேண்டும் என்பார். ஒவ்வொரு வெள்ளியும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன். நங்கையாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது தெரிந்துதான் இதை எழுதுகிறேன்.